பிளாஸ்டிக் கிடாரும் பிளாஸ்டிக் டிரம்ஸும்: எந்த விளையாட்டு காதைத் திறக்கிறது?

கிடார் ஹீரோ, ராக் பேண்ட் போன்ற வீடியோ விளையாட்டுகளோடு வரும் பழைய பிளாஸ்டிக் கிடார் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது என்றால், நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அதன் மீட்டும் பட்டையைத்தான். நிஜக் கிடாரில் கம்பிகளை மீட்டும் இடத்தில், இதில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை இருக்கும். மேலே தள்ளினாலும் கீழே தள்ளினாலும் ஒரு மீட்டலாகக் கணக்கு. கிடார் ஹீரோ கிடார்களில் அந்தப் பட்டை 'டிக்' என்று சொடுக்கும். உள்ளே சுவிட்ச் விழுந்ததை விரலும் காதும் ஒருசேர அறிந்துகொள்ளும். ராக் பேண்ட் கிடார்களில் அதே பட்டை மெத்தென்று போய்வரும், சத்தம் கேட்காது. இந்த ஒரு சொடுக்கை வைத்து ரசிகர்கள் இன்றும் கட்சி கட்டிச் சண்டை போடுகிறார்கள். வேகமாக மீட்ட வேண்டிய இடங்களில் சொடுக்கும் பட்டைதான் கைகொடுக்கும் என்பது என் அனுபவம். ஆனால் ஒரே அறையில் நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது சத்தமில்லாத பட்டையைத்தான் எடுப்பேன், ஏனென்றால் அப்போது பாட்டு காதில் விழ வேண்டும்.

இந்த விளையாட்டுகள் அனைத்தையும் நான் எடைபோடுவது அந்தக் காதை வைத்துத்தான். திரையில் இறங்கிவரும் வண்ணக் குறிகளைக் கண்ணால் படித்து விரலால் அழுத்துவது முதல் கட்டம். அதை யாரும் ஒரே மாலையில் பழகிவிடலாம். பிறகு ஒரு நாள், பலமுறை கேட்ட பாட்டுக்குள் அதுவரை கவனித்தேயிராத, கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிடார் தனியாகக் கேட்கத் தொடங்கும். கண் ஒதுங்கிக்கொள்ளும், கை காதின் பேச்சைக் கேட்கும். அந்த இடத்துக்கு எது சீக்கிரம் கூட்டிச் செல்கிறதோ அதுவே நல்ல விளையாட்டு. பாடல்களின் எண்ணிக்கை, திரையின் பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் சிறுவயதில் கும்பகோணத்தில் மிருதங்கம் கற்றவன். இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். வீட்டுப் பேஸ்மென்ட்டில் ஒரு சுவர் முழுக்க இந்தப் பிளாஸ்டிக் கருவிகள்தான் தொங்குகின்றன. பெரும்பாலும் கராஜ் சேல்களிலும், பழைய பொருள் விற்கும் குட்வில் கடைகளிலும் வாங்கியவை. இரண்டு மகள்களும் இவற்றோடுதான் வளர்ந்தார்கள். ஆகவே கீழே சொல்வதெல்லாம் ஒரு தாளக்காரனின் பார்வை. கிடார் கற்றவர்கள் வேறு வரிசை போடக்கூடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி ஜப்பானின் கொனாமி நிறுவனம். மூன்றே பொத்தான்கள் கொண்ட கிடாருடன் கிடார்ஃப்ரீக்ஸ் என்ற இயந்திரத்தை 1990களின் இறுதியில் அங்குள்ள ஆர்கேடுகளில், அதாவது காசு போட்டு விளையாடும் கூடங்களில், வைத்தது. அமெரிக்க வீட்டுக் கூடத்துக்கு அந்த யோசனையைக் கொண்டுவந்தது 2005 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த கிடார் ஹீரோ. விளையாட்டை உருவாக்கியது ஹார்மோனிக்ஸ். எம்.ஐ.டி.யில் படித்த அலெக்ஸ் ரிகோபுலோஸ், ஈரன் எகோசி இருவரும் 1995இல் தொடங்கிய நிறுவனம் அது. கருவியைச் செய்து வெளியிட்டது ரெட்ஆக்டேன். கிப்சன் எஸ்ஜி கிடாரின் சாயலில் ஒரு குட்டிக் கிடார், கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்து பொத்தான்கள், விளையாட்டோடு சேர்த்து ஏறக்குறைய 70 டாலர்.

அந்த முதல் கிடார் ஹீரோவிலேயே ஹார்மோனிக்ஸின் முக்கியமான யோசனை வந்துவிட்டது. பாட்டில் கிடாரின் ஒலியை மட்டும் தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். சரியாக வாசித்தால் அது ஒலிக்கும். தவறவிட்டால் கிடார் மட்டும் மௌனமாகி, மற்றவை தொடர்ந்து போகும். மதிப்பெண் குறைவது எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றியதில்லை. பாட்டில் அந்தக் குழி விழுவதுதான் உறைக்கும். ஒருமுறை சின்னவள் பாதிப் பாட்டில் திரும்பி, "அப்பா, என் கிடாரைக் காணோம்" என்றாள். திரையில் சிவப்பாக எச்சரிக்கை ஒளிர்ந்துகொண்டிருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. ஒலி போனதைத்தான் கவனித்தாள். எட்டு வயதுக் குழந்தைக்கு அதற்குமேல் எந்த இசை ஆசிரியர் என்ன சொல்லிக் கொடுத்துவிட முடியும்?

2006இல் கிடார் ஹீரோ 2 வந்தது. அதே ஆண்டில் ரெட்ஆக்டேனை ஆக்டிவிஷன் வாங்கியது, ஹார்மோனிக்ஸை எம்டிவி வாங்கியது. கருவி ஒரு வீட்டுக்கும் மூளை இன்னொரு வீட்டுக்கும் போயின. பாகப்பிரிவினை முடிந்த மறு ஆண்டே இரு தரப்பும் தனித்தனியே கடை விரித்தன. 2007 அக்டோபரில் நெவர்சாஃப்ட் குழு உருவாக்கிய கிடார் ஹீரோ 3 வந்தது, நவம்பரில் கிடாரோடு டிரம்ஸும் மைக்கும் சேர்ந்த ஹார்மோனிக்ஸின் ராக் பேண்ட் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து விளையாடினால் இரண்டு வேறு மனங்கள் இவற்றைச் செய்திருப்பது புரியும்.

கிடார் ஹீரோ 3 ஒரு போட்டி விளையாட்டு. டாம் மொரெல்லோ, ஸ்லாஷ் ஆகிய கிடார் கலைஞர்களோடு நேருக்கு நேர் மோதும் கட்டங்கள்கூட உண்டு. தொடர்ந்து வரும் குறிகள் சுவர் எழுப்பியதுபோல் நெருக்கமாக இறங்கும். தாமதத்தை மன்னிக்கும் இடைவெளி இதில் தாராளம், ஆகவே கொஞ்சம் முன்பின் அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும். எல்லாக் கட்டங்களும் முடிந்தபின் வரும் டிராகன்ஃபோர்ஸ் குழுவின் பாட்டை முழுதாக வாசித்தவர்களை நான் மனதார வணங்குகிறேன். உடல் திறமை என்ற அளவில் அது பெரிய சாதனை. ஆனால் அதை வாசிக்கும்போது நான் பாட்டைக் கேட்பதில்லை. கண் திரையில் ஒட்டிக்கொள்கிறது, விரல்கள் கண்ணுக்கு அடிமையாகின்றன. மன்னிக்கும் இடைவெளி அகலமாக இருப்பதால், அடி தாளத்தில் விழுந்ததா என்று காது சோதிக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது. தாளம் பயின்ற ஒருவனுக்கு அது பெரிய குறை.

ராக் பேண்டில் கண்டிப்பு அதிகம். அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்தாக வேண்டும். குறிகளை எழுதியவர்களும் இசைக்காரர்கள் என்பது விரலில் தெரியும். ஸ்வரம் ஏறும்போது கை கழுத்தில் ஒரு திசையில் நகரும், இறங்கும்போது திரும்பிவரும், ஒரே சொற்றொடர் பாட்டில் திரும்ப வந்தால் ஒரே விரல் அமைப்பு திரும்ப வரும். இப்படி எழுதினால்தான் கை மறக்காமல் வைத்துக்கொள்ளும். கிடாரும் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உருவம். கழுத்தின் பொத்தான்கள் மேலெழும்பி நிற்காமல் கழுத்தோடு படிந்திருக்கும், உடலுக்கு அருகே தனி வாசிப்புக்காக இன்னும் ஐந்து சிறிய பொத்தான்கள் உண்டு. பெரிய கை உள்ளவர்களுக்கு இது உவப்பாக இருக்கும். பொத்தான் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தடவி அறிவதில் குழந்தைகள் கொஞ்சம் தடுமாறுவார்கள். இடக்கை வழக்கமுள்ள பெரியவளுக்காகத் திரையைத் திருப்பிக்கொள்ளும் வசதி இரண்டு விளையாட்டுகளிலும் இருந்தது.

ஆனால் ராக் பேண்டின் பெருமை கிடாரில் இல்லை. டிரம்ஸில் இருக்கிறது. இதைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச ஆசைப்படுகிறேன்.

பிளாஸ்டிக் கிடாரில் ஐந்து பொத்தான்கள் எந்த ஸ்வரத்தையும் குறிப்பதில்லை. பச்சை ஒரு பாட்டில் ஒன்றாகவும், அடுத்த பாட்டில் வேறொன்றாகவும் இருக்கும். அது ஓர் உடன்பாடு, அவ்வளவே. டிரம்ஸில் அந்த உடன்பாட்டுக்கு வேலையே இல்லை. ஸ்நேர் என்ற சிறு டிரம் விழும் இடத்தில் கை விழ வேண்டும், பெரிய டிரம் விழும் இடத்தில் கால் மிதிக்க வேண்டும். இடமிருந்து வலமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு தட்டுகள், கீழே ஒரு மிதிக்கட்டை. திரையில் மிதிக்கான குறி பாதையின் முழு அகலத்துக்கும் ஆரஞ்சுக் கோடாக வரும். சாதாரண ராக் தாளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கை மஞ்சளில் ஒரே சீராக எட்டு எண்ணிக்கொண்டிருக்கும், இடக்கை மூன்றிலும் ஏழிலும் சிவப்பில் விழும், கால் ஒன்றிலும் ஐந்திலும் மிதிக்கும். இதை நடுத்தர நிலையில் தடுக்காமல் வாசித்துவிட்டீர்கள் என்றால், உண்மையான டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தும் அதே தாளத்தை வாசிப்பீர்கள். இதில் மிகையே இல்லை. பெரியவள் பள்ளி இசைக்குழுவில் முதல் நாளே அதைச் செய்து காட்டினாள்.

எல்லோருக்கும் கால்தான் தகராறு. கை இரண்டும் சேர்ந்து போக, காலும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு விழும். கையிலிருந்து காலைப் பிரிப்பதற்கு நான் கண்ட வழி, திரையைப் பார்க்காமல் பாட்டில் பேஸ் கிடாரைக் கேட்பது. நல்ல ராக் பாட்டில் பேஸும் மிதியும் இணைபிரியாதவை. பேஸைக் கேட்டால் கால் தானாக விழும். இதைத்தான் முதலில் காது என்றேன்.

இன்னொரு நேர்த்தி. நன்றாக வாசித்தால் மதிப்பெண்ணைப் பெருக்கும் ஒரு சக்தி சேரும். சேமித்த அந்தச் சக்தியைக் கிடார்க்காரர் கழுத்தை உயர்த்திப் பயன்படுத்துகிறார். டிரம்ஸ்காரருக்கோ, பாட்டு ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில், வண்ணக் குறிகள் நின்று பாதை முழுதும் ஒளிரும். அந்த ஓரிரு நொடிகளுக்கு எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் இறுதி அடி பச்சைத் தட்டில் சரியான இடத்தில் விழ வேண்டும், அப்போதுதான் சேமித்த சக்தி கிளம்பும். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் விட்டதும் வாசிப்பவர் எங்கே போனாலும் கடைசியில் எடுப்புக்கு, அதாவது பாட்டு தொடங்கும் இடத்துக்கு, வந்து சேர வேண்டும் அல்லவா, அதே கணக்கு. விளையாட்டு விதியாக இதை யோசித்தவர் தாளத்தை நேசிப்பவராகத்தான் இருக்க வேண்டும்.

கூட்டு வாசிப்பையும் அப்படியே யோசித்திருக்கிறார்கள். ஒருவர் தடுமாறி வெளியேறிவிட்டால், மற்றவர் தன் சக்தியைச் செலவழித்து அவரை மீட்கலாம். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஒரு சொற்றொடர் வரும், நால்வரும் பிசகாமல் வாசித்தால் கூடுதல் பயன். பேஸ் வாசிப்பவருக்கு மதிப்பெண் பெருக்கம் மற்றவர்களைவிட அதிகமாக ஏறும். வழக்கமாக யாரும் கண்டுகொள்ளாத பேஸ்காரருக்கு அது நல்ல மரியாதை.

முதல் ராக் பேண்டின் மிதிக்கட்டை வெறும் பிளாஸ்டிக். பலருக்கு அது காலடியில் உடைந்தது. 2008இல் வந்த ராக் பேண்ட் 2 கட்டையில் உலோகத் தகடு வைத்துச் சரிசெய்தார்கள். கம்பியில்லா இணைப்பும், அடியின் வேகத்தை உணரும் தட்டுகளும் அதில் வந்தன. பழைய பொருள் வாங்குகிறவர்கள் உலோகத் தகடு உள்ள கட்டையாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

அதே 2008இல் கிடார் ஹீரோ வேர்ல்ட் டூர் மூலம் ஆக்டிவிஷனும் முழு இசைக்குழுவைக் கொண்டுவந்தது. கருவியை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த டிரம்ஸே மேல். மூன்று தட்டுகள், அவற்றுக்கு மேலே ஜால்ரா வடிவில் உயர்ந்து நிற்கும் இரண்டு சிம்பல்கள், ஒரு மிதி. சிம்பலை அடிக்கக் கை உண்மையாகவே மேலே போக வேண்டும். தட்டுகள் மென்மையான ரப்பர், அடித்த குச்சி இதமாகத் துள்ளும், ராக் பேண்ட் தட்டுபோல 'டொக்டொக்' என்று கீழ்வீட்டுக்காரர் வரை கேட்காது. இரண்டு சிம்பலையும் ஒரே நேரத்தில் அடித்தால் சக்தி கிளம்பும். பார்க்க அழகு, ஆனால் பாட்டில் அதற்கென்று இடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பது எனக்கு ருசிக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த கிடார் ஹீரோ 5 விருந்துக்கு உகந்தது. நான்கு பேரும் டிரம்ஸே வாசிக்க வேண்டும் என்றாலும் விடும், பாட்டின் நடுவில் ஒருவர் எழுந்து போய் இன்னொருவர் உட்கார்ந்தாலும் பாட்டு நிற்காது.

சிம்பல் குறையை ஹார்மோனிக்ஸ் 2010 அக்டோபரில் வந்த ராக் பேண்ட் 3இல் தீர்த்தது. நான்கு தட்டுகளோடு மூன்று சிம்பல்கள் சேர்ந்தன. திரையில் சிம்பலுக்கு வட்டக் குறி, தட்டுக்குச் செவ்வகக் குறி. அதுவரை மஞ்சள் என்றால் ஹை-ஹேட் என்ற சிம்பலா, டாம் என்ற டிரம்மா என்று தெரியாது, இப்போது தெரிந்தது. அந்த நொடியில் இது விளையாட்டு என்ற நிலையைக் கடந்து பயிற்சிக் கருவியாகிவிட்டது. அதே விளையாட்டில் 25 கட்டைகள் கொண்ட கீபோர்டும் வந்தது. அது கணினியோடு இணையும் உண்மையான மிடி கீபோர்டாகவும் வேலை செய்யும், இன்றும் என் கணினி மேசையில் அதைத்தான் வைத்திருக்கிறேன். 102 பொத்தான்கள் கொண்ட மஸ்டாங் கிடார் ஒன்றும் உண்டு, ஆறு வரிசையில் பதினேழு பதினேழாக. நண்பர் வீட்டில் வாசித்துப் பார்த்தேன். உழைப்பு மதிக்கத்தக்கது, ஆனால் அவ்வளவு உழைக்கத் தயாராக இருப்பவர் நிஜக் கிடாரையே வாங்கிவிடலாம். அப்படிப்பட்டவர்களுக்கு யூபிசாஃப்டின் ராக்ஸ்மித் இருக்கிறது. உண்மையான மின் கிடாரை ஒரு கேபிளால் இணைத்துக்கொண்டு வாசிக்கலாம். அங்கே பிளாஸ்டிக்குக்கு வேலை இல்லை.

2009 செப்டம்பர் 9 அன்று வெளிவந்த பீட்டில்ஸ்: ராக் பேண்டைத் தனியே சொல்லியாக வேண்டும். பாடல்கள் 45. பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் ஒலியைப் பார்த்துக்கொண்டார். இதன் சிறப்பு மூன்று மைக். மூன்று பேர் மூன்று சுருதியில் சேர்ந்து பாடலாம், ஒவ்வொருவருக்கும் தன் கோடு திரையில் தனியே தெரியும். பாட்டு வராது என்று ஒதுங்கியிருந்த என் மனைவி நடுக் குரலைப் பிடித்துக்கொண்டு பாடியது இதில்தான். மேல் குரல் எல்லோர் காதிலும் விழும், கீழ்க் குரலும் விழும். நடுக் குரலைக் கேட்கப் பழகுவது சிரமம். அதை ஒரு குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்த பொருளுக்கு என்ன விலை கொடுத்தாலும் தகும்.

ராக் இசையே பிடிக்காதவர்களுக்கு என் சிபாரிசு டைகோ நோ டட்சுஜின். 2001இல் நாம்கோ ஜப்பான் ஆர்கேடுகளில் வைத்த பெரிய முரசு இயந்திரம் இது. வீட்டுக்கு அதன் சிறிய வடிவம் வந்தது. நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கும் முரசு கிடைக்கிறது. இரண்டே அடிகள்தான். முகத்தின் நடுவில் அடித்தால் 'டோன்', சிவப்புக் குறி. விளிம்பில் அடித்தால் 'கா', நீலக் குறி. பெரிய குறி வந்தால் இரு கையாலும் அடிக்க வேண்டும், மஞ்சள் நீளமாக வந்தால் உருட்ட வேண்டும். குறிகள் வலமிருந்து இடமாக ஒரே கோட்டில் ஓடிவரும். எளியது என்று நினைத்து உயர்ந்த நிலைக்குப் போனால் கை கட்டிக்கொள்ளும். எந்த அடியை எந்தக் கையால் எடுப்பது என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மிருதங்கத்தில் விரலடிக்குப் போடும் கணக்கு இங்கேயும் தேவைப்படுகிறது.

அம்மா இங்கே வந்திருந்தபோது பேத்திகள் குச்சியைக் கையில் கொடுத்தார்கள். "பாட்டி, சிவப்பு வந்தால் நடுவில், நீலம் வந்தால் ஓரத்தில்." அம்மா எந்தக் கச்சேரியிலும் தொடையில் தாளம் போடாமல் உட்கார்ந்ததில்லை. முதல் பாட்டில் திரையைப் பார்த்து அடித்து எல்லாம் தப்பியது. இரண்டாவது பாட்டில் கண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, பாட்டைக் கேட்டுக்கொண்டே முகத்தின் நடுவில் அடியடியாகப் போட்டார்கள். எளிய நிலையில் பெரும்பாலும் சிவப்பே வரும் என்பதால் பாதிக்கு மேல் சரியாக விழுந்தது. ஓரிடத்தில் பாட்டு அரை அடி தள்ளி எடுத்தது. "இங்கே அரையிடம்" என்று சொல்லிக்கொண்டே அதையும் பிடித்தார்கள். சின்னவள் வாயைப் பிளந்தாள்.

வீட்டு முரசில் ஒரு குறை உண்டு. விளிம்புக்கும் முகத்துக்கும் இடையே இடம் குறைவு, வேகத்தில் 'கா' அடிக்கப் போய் 'டோன்' விழுந்துவிடும். ஆர்கேடு இயந்திரத்தில் அந்தத் தொல்லை இல்லை. முரசு வாங்காமல் ஸ்விட்ச்சின் கைப்பிடிகளைக் காற்றில் ஆட்டியும் விளையாடலாம் என்பார்கள். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அடித்த இடம் கையில் படாத தாளம் சப்பென்று இருக்கிறது.

டிஜே ஹீரோவை அதிகம் பேர் சீண்டவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம். 2009 அக்டோபரில் வந்தது, சுழலும் தட்டில் மூன்று பொத்தான்கள், பக்கத்தில் இடம் வலம் நகரும் ஒரு சிறு கட்டை. இரண்டு பாட்டுகள் ஒன்றோடொன்று பின்னி ஓடும். கட்டையை இடப்பக்கம் தள்ளினால் ஒரு பாட்டு மட்டும், வலப்பக்கம் தள்ளினால் மற்றது மட்டும். காது இரண்டு பாட்டையும் ஒரே நேரத்தில் பின்தொடர வேண்டியிருக்கிறது, இவ்வகையில் வேறு எந்த விளையாட்டும் அதைக் கேட்பதில்லை. கட்டையின் நடு இடத்தை விரலால் உணர்வது கடினம், பழகத்தான் வேண்டும். தனியாக உட்கார்ந்து ஹெட்ஃபோனில் விளையாட இதைவிட நல்லது என்னிடம் இல்லை.

பாங்கோ என்ற இரட்டை முரசை வைத்து விளையாடும் டாங்கி காங்கா, நிண்டெண்டோவின் கேம்கியூபுக்காக அதே நாம்கோ செய்தது. கைதட்டலை மைக் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் இருப்பவர் தட்டினாலும் கணக்கில் சேரும், சிறு குழந்தைகளுக்கு ஏற்றது. 2015இல் வந்த கிடார் ஹீரோ லைவ், இரண்டு வரிசையில் மூன்று மூன்றாக ஆறு பொத்தான் வைத்தது. பொத்தான் அமைப்பு நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலான பாடல்களை இணையம் வழியே மட்டும் தந்தார்கள். 2018 டிசம்பர் 1 அன்று அந்தச் சேவையை நிறுத்தியபோது, வட்டில் இருந்த 42 பாடல்கள் மட்டுமே மிஞ்சின. அந்தக் கிடாரைக் குட்வில்லில் பார்த்தால் ஆசைப்படாமல் நகர்ந்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும் டிவியின் தாமதத்தைச் சரிசெய்யாமல் வாசிக்கத் தொடங்காதீர்கள். பழைய பெட்டி டிவியில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. இன்றைய டிவி படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டுகிறது, ஒலி தனியே ஸ்பீக்கருக்குப் போனால் அது இன்னொரு தாமதம். படம் ஒரு நேரத்திலும் ஒலி ஒரு நேரத்திலும் வந்தால், நல்ல தாளஞானம் உள்ளவருக்குத்தான் அதிகத் தப்பு விழும், ஏனென்றால் அவர் கேட்டு அடிக்கிறார். முதலில் டிவியை 'கேம்' நிலைக்கு மாற்றுங்கள். பிறகு விளையாட்டின் அமைப்புப் பகுதிக்குப் போய்ப் படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனியே சரிபாருங்கள். ராக் பேண்ட் 2 கிடாரில் இதற்கென்றே ஒளியை உணரும் கண்ணும் சிறு மைக்கும் உண்டு. கிடாரைத் திரைக்கு நேராகப் பிடித்தால் தானே அளந்துகொள்ளும்.

இனி வாங்கும் விஷயம். 2009இல் கடைகளில் இவ்வகை விளையாட்டுகள் மாதத்துக்கொன்றாகக் குவிந்தன, மக்கள் சலித்தார்கள், 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் கிடார் ஹீரோ பிரிவையே மூடியது. அன்று விற்ற கருவிகள்தான் இன்று பழைய பொருள் சந்தையில் சுற்றுகின்றன. பிளேஸ்டேஷன் 3க்கான கம்பியில்லாக் கருவி என்றால், அதனோடு வந்த சிறு யுஎஸ்பி ரிசீவர் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத கிடார் வெறும் பொம்மை. எக்ஸ்பாக்ஸ் 360 கிடாரைக் கன்சோலில் வாசிக்க ரிசீவர் தேவையில்லை, கணினியில் வாசிக்கத் தேவை. கிடார் ஹீரோ 3இன் லெஸ் பால் கிடாருக்குக் கழுத்து கழன்று வரும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் அழுக்குப் படிந்தால் பொத்தான் விட்டுவிட்டு வேலை செய்யும், விற்பவர் முன்னாலேயே கழற்றிப் பாருங்கள். வீ கன்சோலுக்கான கிடார் ஹீரோ கிடாரில் வீ ரிமோட்டைச் சொருக வேண்டும். ஆனால் ராஃப்நெட் அடாப்டர் ஒன்று வாங்கினால் ரிமோட் இல்லாமலேயே கணினியில் இணைத்துவிடலாம். இது எனக்குப் பிடித்த வழி, தாமதமும் குறைவு. புதிதாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2024இல் பிடிபி நிறுவனம் ரிஃப்மாஸ்டர் என்ற கிடாரை வெளியிட்டது, பாதியாக மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஹார்மோனிக்ஸ் இப்போது ஃபோர்ட்நைட்டை உருவாக்கிய எபிக் நிறுவனத்தின் வசம் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் அவர்கள் செய்துவருவது ஃபோர்ட்நைட் ஃபெஸ்டிவல். இலவசம், பாடல்கள் மாறிக்கொண்டே இருக்கும், குறிகளை எழுதுவதில் அந்தப் பழைய கை தெரிகிறது.

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் ராக் பேண்ட் டிரம்ஸை வாங்குங்கள், கூடச் சிம்பல் மூன்றும் கிடைத்தால் விடாதீர்கள். யுஎஸ்பி வழியாக அதைக் கணினியில் செருகி, க்ளோன் ஹீரோ என்ற இலவச விளையாட்டை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் எந்த ஒலிப்பதிவுக்கும் நாமே குறிகள் எழுதிக்கொள்ளலாம். மூன்ஸ்கிரேப்பர் என்ற செயலியில் நான் எழுதி வைத்திருப்பது, நானே வாசித்துப் பதிவுசெய்த ஒரு சிறிய மிருதங்கத் தனி. 'நம்' சிவப்பில், 'தி' மஞ்சளில், சாபு நீலத்தில், 'டிம்' பச்சையில், இடந்தலையின் 'தொம்' மிதிக்கட்டையில். வலந்தலையைக் கைகளுக்கும் இடந்தலையைக் காலுக்கும் பிரித்துக் கொடுத்ததில் வாசிப்பு புதிதாக இருந்தது.

ஓர் அடியை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ரமும் மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரமும் உடனே அமைந்தன. ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடையில்தான் இடித்தது. அந்தச் செயலி ஓர் அடியை 192 கூறுகளாகப் பிரிக்கிறது. 192 நான்காலும் மூன்றாலும் வகுபடும், ஐந்தால் வகுபடாது. ஐந்து அடிகளையும் அருகிலுள்ள கூறுக்கு நகர்த்தி வைத்துப் பார்த்தேன். அடிக்கு அரைக் கூறுக்கும் குறைவான பிசகு, நிமிடத்துக்கு 80 அடி வேகத்தில் அது இரண்டு மில்லி வினாடிகூட வராது. தகதகிட தகதகிட என்று சொல்லிக்கொண்டே பெரியவள் அதை வாசித்தாள். எங்கும் இடறவில்லை. அடுத்து, ஒன்பதாகப் பிரிக்கும் சங்கீர்ணம் எழுதலாம் என்று இருக்கிறேன். 192 ஒன்பதாலும் வகுபடாதுதான், இதே வழி அங்கேயும் செல்லும்.